பிடிமண்ணும் பெயரும்: பரளச்சி வட்டாரப் புரவி மரபின் வழிச் சமகாலச் சீனச் சிற்பத்தை அணுகுதல்

ஆய்வுச் சுருக்கம்

சமகாலச் சீனச் சிற்பம் தமிழ் வாசகரைப் பெரும்பாலும் செய்தியாகவே வந்தடைகிறது. கலைஞரின் பெயர், படைப்பின் அளவு, அதைச் சூழ்ந்த அரசியல் ஆகியவை தெரியவருகின்றன. படைப்பை எப்படிப் பார்ப்பது என்பது தெரிவதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வறண்ட நிலப்பகுதியில் வழங்கும் சுடுமண் புரவி மரபு அதற்கான அளவுகோல்களைத் தரவல்லது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. மண்ணைக் கொடுத்தவர் யார், வனைந்த கை யாருடையது, முடிவில் நிற்கும் பெயர் யாருடையது ஆகிய மூன்று வினாக்களை அம்மரபிலிருந்து பெற்று, 1965 முதல் இன்றுவரையிலான நான்கு சீனச் சிற்பப் படைப்புகளுக்கு அவை பொருத்தப்படுகின்றன. அவ்வினாக்கள் நம் மரபை நோக்கியும் திரும்புகின்றன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: புரவியெடுப்பு, பிடிமண், வேளார், சுடுமண் சிற்பம், சமகாலச் சீனச் சிற்பம், கைவினைஞர், படைப்புரிமை.

முன்னுரை

பரளச்சி, விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தைச் சேர்ந்த ஊர். மழையை நம்பிய மானாவாரி வேளாண்மையும், வானம் பார்த்துக் கிடக்கும் கண்மாய்களும், வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக்கருவேலும் இந்நிலத்தின் அடையாளங்கள். இப்பகுதியில் வாழும் ஆய்வாளர் ஒருவர் சமகாலச் சீனச் சிற்பத்தை நேரில் காண விரும்பினால் வெளியூருக்குத்தான் செல்ல வேண்டும். ஆயினும் சிற்பம் என்பதே அறியாத நிலமன்று இது. ஊர் எல்லையிலும் கண்மாய்க் கரையிலும் அமைந்த அய்யனார் கோயில்களில் ஆளுயரத்தையும் விஞ்சிய மண்குதிரைகள் நிற்கும் வழக்கம் இப்பகுதிக்கும், இதையொட்டிய மானாமதுரை, மதுரை, சிவகங்கை வட்டாரங்களுக்கும் பொதுவானது.

கலைக்கூடத்துக்குள் நுழையும் பார்வையாளர் வெறுங்கையுடன் நுழைவதில்லை; தாம் முன்பு கண்ட உருவங்களின் நினைவோடு நுழைகிறார். மேலைநாட்டுக் கலை வரலாறு கற்றவர் அங்கிருந்து பெற்ற அளவுகோல்களைக் கொண்டு செல்கிறார். மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவரிடமும் அளவுகோல்கள் உண்டு. ஆனால் அவை அளவுகோல்கள் என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை. இந்த இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

கொச்சியில் ஒரு சந்திப்பு

தென்தமிழகப் பார்வையாளருக்கு அண்மையில் சமகாலச் சீனக் கலை காணக் கிடைத்த இடங்களுள் கொச்சி முதன்மையானது. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி–முசிறி பியன்னாலே எனும் ஈராண்டுக் கலைவிழா தொடங்கியது. ஜிதிஷ் கல்லாட் காட்சித் தொகுப்பாளராக இருந்த அதன் இரண்டாம் பதிப்பில் (2014–15), சீனக் கலைஞர் சூ பிங்கின் ‘பின்னணிக் கதை’ வரிசையைச் சேர்ந்த படைப்பொன்று இடம்பெற்றது. 2004இல் பெர்லினில் அவர் தொடங்கிய வரிசை இது.

முன்புறம் நின்று பார்த்தால் ஒளியூட்டப்பட்ட பெரிய பலகையில் சீன மரபு நிலக்காட்சி ஓவியம் தெரியும். மலையும் மூடுபனியும் மரங்களும் மைத்தீற்றலில் விரிந்திருக்கும். பின்புறம் சென்றால் ஓவியம் ஏதும் இல்லை. மங்கலான கண்ணாடிப் பரப்பின் மீது காய்ந்த செடிகளும் நார்களும் கசங்கிய தாள்களும் குப்பைகளும் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அவற்றின் நிழலே முன்புறத்தில் மலையாகவும் மரமாகவும் தெரிகிறது. மறைப்பதற்காக அன்றி, சென்று பார்ப்பதற்காகவே பின்புறம் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இது முழுமையான சிற்பம் அன்று. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இடைப்பட்டது. ஆயினும் சீனச் சிற்பத்தை அணுகுவதற்குரிய ஒரு முறையை இது கற்பிக்கிறது. படைப்பின் முகத்தை மட்டும் பார்த்துத் திரும்பக் கூடாது. அது எதனால் ஆனது, எவ்வாறு நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைச் சுற்றிச் சென்று பார்க்க வேண்டும். மண்குதிரையைச் சுற்றி விளையாடிய சிறுவர்க்கு இம்முறை புதிதன்று. குதிரையின் உடல் உள்ளீடற்றது. சூளையின் வெப்பத்தில் ஈரம் ஆவியாகி வெளியேறுவதற்காக விடப்பட்ட துளைகளின் வழியே எட்டிப் பார்த்தால், வெளிப்புறத்தின் வழவழப்புக்கு மாறாக, உட்சுவரில் வேளாரின் விரல் அழுந்திய தடங்கள் தெரியும். முகத்தில் குதிரை, உள்ளே கை.

புரவி மரபு தரும் மூன்று வினாக்கள்

புரவியெடுப்புக்கென்று ஊர் கூடி முடிவு செய்த பின் முதலில் நிகழ்வது பிடிமண் கொடுத்தல். ஊரார் தம் கண்மாயின் மண்ணிலிருந்து ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்குடன் வேளாரிடம் அளிக்கின்றனர். வேலைக்கு வேண்டிய மண்ணின் அளவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒரு பிடி கை மாறிய பிறகே வேலை தொடங்குகிறது. பணி ஒப்படைக்கப்பட்டதற்கான சான்றும், செய்யப்போகும் உருவம் ஊருக்குரியது என்பதற்கான உறுதியும் அதுவே.

அதன்பின் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, கால்களை உருளைகளாக எழுப்பி, அவற்றின் மீது உடலை மண்திரிகளால் அடுக்கடுக்காக வளர்த்து, நிழலில் உலரவிட்டுச் சுடுகின்றனர். அடுக்கு நன்கு இறுகாமல் அடுத்த அடுக்கை ஏற்றினால் உருவம் சரியும். ஈரம் முழுதும் நீங்காமல் தீமூட்டினால் வெடிக்கும். பொறுமை இங்கே தொழில்நுட்பத்தின் பகுதி. விழா நாளில் புரவிகள் ஊர்வலமாகக் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. கண் திறக்கும் சடங்கோடு மண்ணுருவம் தெய்வத்தின் ஊர்தியாகிறது. பல கோயில்களில் வேளாரே பூசாரியுமாவார். மதுரை வட்டார வேளார் சமூகத்தை 1980களில் ஆராய்ந்த ஸ்டீபன் இங்லிஸ், உருவாக்குதலும் தெய்வநிலைப்படுத்துதலும் ஒரே சமூகத்தின் கையில் இணைந்திருந்ததை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

விழா முடிந்த பின் புரவிகள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. காது உடையும், கால் விரியும், வால் விழும். அடுத்த புரவியெடுப்பில் புதிய குதிரைகள் வந்து பழையவற்றின் அருகே நிற்கும். உடைந்தவை மண்ணோடு மண்ணாகின்றன.

இம்மரபிலிருந்து மூன்று வினாக்களைப் பிரித்தெடுக்கலாம்:

1. மண்ணைக் கொடுத்தவர் யார்? அதாவது, யாருடைய தேவைக்காகவும் ஒப்புதலுடனும் உருவம் தொடங்குகிறது?
2. வனைந்த கை யாருடையது?
3. முடிவில் நிற்கும் பெயர் யாருடையது?

புரவி மரபில் முதல் விடை ஊர், இரண்டாவது வேளார், மூன்றாவது அய்யனார். மூவரும் வேறு வேறானவர்கள் என்பதும், மூவரின் இடமும் சடங்கால் வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கவை. சமகாலச் சீனச் சிற்பத்தின் முக்கியமான சர்ச்சைகள் இம்மூன்று இடங்களைப் பற்றியவையே என்பதை இனிக் காணலாம்.

குத்தகை வசூல் முற்றம் (1965)

சீனாவின் சிச்சுவான் மாகாணம், தாயி மாவட்டத்தில் லியு வென்சாய் என்னும் நிலக்கிழாரின் மாளிகை இருந்தது. அவர் 1949இல் இறந்தார். 1965இல் அம்மாளிகையின் முற்றத்தில் 114 ஆளுயரக் களிமண் உருவங்களைக் கொண்ட ‘குத்தகை வசூல் முற்றம்’ அமைக்கப்பட்டது. சிச்சுவான் நுண்கலைக் கழகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் நாட்டுப்புறக் கைவினைஞர்களும் சேர்ந்து அதை உருவாக்கினர். குடியானவர்கள் தானியத்தைச் சுமந்து வருவது, அது தூற்றிச் சோதிக்கப்படுவது, அளக்கப்படுவது, கணக்குப் பார்க்கப்படுவது, பாக்கிக்காக அவர்கள் வதைக்கப்படுவது, இறுதியில் அவர்கள் சினந்தெழுவது எனக் காட்சிகள் தொடர்கின்றன. உண்மையான கூடைகளும் தூற்றும் கருவியும் மணிச்சட்டமும் மண்ணுருவங்களோடு சேர்த்து வைக்கப்பட்டன.

வானம் பார்த்த நிலத்தின் வாசகருக்கு இக்காட்சிக்கு உரை தேவையில்லை. களத்தில் பொலி அளக்கப்படும்போது மரக்காலின் மீதே பதிந்திருக்கும் விளைவித்தவரின் பார்வையும், வாரம் போக மிஞ்சுவது எவ்வளவு என்ற மனக்கணக்கும் இங்கும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களில் திரும்பத் திரும்ப நிகழ்வது சுமத்தல், குனிதல், நீட்டிய கை என்ற மூன்று அசைவுகளே. முகபாவத்தில் மிகை உண்டு. ஆனால் முதுகுகளில் மிகை இல்லை. அப்படைப்பின் உண்மை முதுகுகளில் இருக்கிறது.

நுட்பமும் கவனத்துக்குரியது. மரச்சட்டத்தில் வைக்கோலைச் சுற்றி, அதன் மீது மண்ணைப் பூசி உருவமைக்கும் முறை சீனக் கோயிற் சிலை மரபிலிருந்து வந்தது. கண்களுக்குக் கண்ணாடி பதிக்கப்பட்டது. பௌத்தக் கோயில்களில் சிலைக்கு ஒளி திறக்கும் சடங்கு சீனாவிலும் உண்டு. நம் கண் திறப்புக்கு அது இணையானது. தெய்வத்தை நீக்கிவிட்டு வர்க்கப் போராட்டத்தைச் சொல்ல வந்த படைப்பு, தெய்வச் சிலை செய்தவரின் கைப்பழக்கத்தையும் கண்ணையும் கடன் பெற்றது. உருவங்கள் அவை சித்திரிக்கும் கொடுமையின் களமெனப்பட்ட அதே முற்றத்தில் நின்றன. ஆகவே, காண வந்த உழவர்கள் அவற்றை வெறும் சிலைகளாகக் கண்டிருக்க இயலாது.

மூன்று வினாக்களைப் பொருத்துவோம். மண்ணைக் கொடுத்தது அரசு. வனைந்தவை பல கைகள். நின்ற பெயர் ‘கூட்டுப் படைப்பு’. 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இது முன்மாதிரிக் கலையாக உயர்த்தப்பட்டது. கிளர்ச்சியை அழுத்தும்படி இறுதிப் பகுதி மாற்றப்பட்டது. அம்மாளிகையில் குடியானவர்களை அடைத்த நீர்ச்சிறை இருந்ததாகப் பரப்பப்பட்ட கதை பின்னாளில் ஆதாரமற்றதென ஒப்புக்கொள்ளப்பட்டது. தனிமனிதப் பெயரை அகற்றியதால் மட்டும் ஒரு படைப்பு மக்களுடையதாகிவிடாது என்பதற்கு இது சான்று. மண்ணைக் கொடுத்தவரே கதையையும் கொடுத்தார். பின்னர் அதைத் திருத்தவும் செய்தார். பிடிமண் கொடுக்கும் ஊருக்கும் இக்கட்டளைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஊர் உருவத்தைக் கேட்கிறது. வனையும் கைக்குக் கதை சொல்லித் தருவதில்லை.

வெனிசு முற்றம் (1999)

காட்சித் தொகுப்பாளர் ஹரால்ட் சீமான் 1972இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த ஐந்தாம் டாக்குமெண்டா கண்காட்சிக்கு இச்சிற்பத் தொகுதியைக் கொண்டுவர விரும்பினார், அது நிறைவேறவில்லை. 1999இல் அவர் பொறுப்பிலிருந்த வெனிசு பியன்னாலேயில் சாய் குவோச்சியாங் அதே முற்றத்தை மீண்டும் எழுப்பினார். மூலப்படைப்பில் பணியாற்றிய லோங் சூலியும் பிற சிற்பிகளும் வெனிசுக்கு வந்து, ஏறத்தாழ 60 டன் களிமண்ணைக் கொண்டு 108 உருவங்களைப் பார்வையாளர் கண்முன்னே வனைந்தனர். மண் சுடப்படவில்லை. காட்சி நடந்துகொண்டிருந்தபோதே முதலில் செய்தவை உலர்ந்து வெடித்து உதிரத் தொடங்கின. சில உருவங்கள் மரச்சட்ட நிலையிலேயே நின்றன. படைப்பு பியன்னாலேயின் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. 2000இல் சிச்சுவான் நுண்கலைக் கழகம் இதைப் பதிப்புரிமை மீறலென்று கண்டித்து, வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தது.

சாய் குவோச்சியாங் பிறந்த ஊர் சுவான்சௌ என்பது தமிழாய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி. 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டும், தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலின் சிற்பங்களும் கிடைத்த துறைமுக நகரம் அது. அங்குள்ள கையுவான் பௌத்தக் கோயிலின் தூண்களில் அச்சிற்பங்கள் இன்றும் உள்ளன. கதை தமிழருடையது, செதுக்கிய கைகள் உள்ளூர்ச் சீனக் கல்தச்சருடையவை என்பது ஆய்வாளர் பலர் கருத்து. பொருளை ஒருவர் தர, வேறொருவர் கை செய்ய, மூன்றாமவர் பெயரில் நிற்கும் சிற்பம் அந்நகருக்கு ஏழு நூற்றாண்டுகளாகப் பழக்கமானது. சாய் செய்ததை இதன் நேரடித் தொடர்ச்சி என்று கூற இயலாது. ஆனால் அவருடைய செயலைக் களவு என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடவும் இயலாது.

வெனிசு முற்றத்தின் வலிமை அதன் அழிவில் இருக்கிறது. 1965இல் நிலைத்த உண்மையாக முன்வைக்கப்பட்ட கதையை அது ஈர மண்ணாக, வெடிப்பாக, உதிர்வாக மாற்றியது. புரட்சியின் சிலைகளும் மண்தான் என்பதை எந்த விளக்கவுரையும் இன்றி உணர்த்தியது. அழிவை அஞ்சாத புரவி மரபில் வளர்ந்த பார்வையாளர் இதை உடனே புரிந்துகொள்வார்.

ஆனால் அவர் வேறொன்றையும் கேட்பார். புரவி உதிர்ந்தால் அடுத்த விழாவில் வேளாருக்கு மீண்டும் பிடிமண் வரும். உருவம் அழிவது தொழில் தொடர்வதற்கான ஏற்பாடு. வெனிசில் உருவங்கள் உதிர்ந்த பின் எஞ்சியது சாயின் பெயர். லோங் சூலியின் பெயர் குறிப்புகளில் இடம்பெறுகிறது, விருதில் இடம்பெறவில்லை. வனையும் செயலையே காட்சிப்பொருளாக்கிய படைப்பு, வனைந்தவரைக் காட்சியின் பகுதியாகவே வைத்திருந்தது. பதிப்புரிமை கோரிய கழகமும் நாட்டுப்புறக் கைவினைஞர் சார்பில் கோரவில்லை. நிறுவனத்தின் சார்பில்தான் கோரியது. இரு தரப்பு வாதங்களிலும் விடுபட்டது அந்த ஒரே கைதான்.

சூரியகாந்தி விதைகள் (2010)

2010 அக்டோபரில் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெருங்கூடத்தில் ஐ வெய்வெய்யின் ‘சூரியகாந்தி விதைகள்’ பரப்பப்பட்டது. பத்துக் கோடிப் பீங்கான் விதைகள். ஒவ்வொன்றும் கையால் வண்ணந்தீட்டப்பட்டது. சீனாவின் பீங்கான் நகரமான சிங்டெசெனில் ஏறத்தாழ 1,600 கைவினைஞர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அவற்றைச் செய்தனர். முதலில் பார்வையாளர் விதைகளின் மீது நடந்தனர். எழும்பிய பீங்கான் துகள் உடல்நலத்துக்குக் கேடு என்பதால், சில நாட்களிலேயே நடப்பது தடைசெய்யப்பட்டது.

சிங்டெசென் நம் கரைக்கு அந்நியமானதன்று. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. சிங்டெசென் சூளைகளின் பொருள்களும் அவற்றுள் உண்டு. அவற்றைச் செய்தவர் பெயர் எந்த ஓட்டிலும் இல்லை. அரசவைக்கும் ஏற்றுமதிக்கும் பெயரின்றி உழைத்த அதே நகரம், 2010இல் ஒரு கலைஞரின் பெயருக்காகப் பெயரின்றி உழைத்தது.

ஐ வெய்வெய் இதை மறைக்கவில்லை. கைவினைஞர்கள் வேலை செய்யும் ஆவணப்படம் விதைகளோடு சேர்த்தே காட்டப்பட்டது. தூரத்தில் நின்றால் சாம்பல் நிறப் பரப்பு. குனிந்து ஒன்றை எடுத்தால் தனித்த தூரிகைக் கோடு. ‘சீனாவில் செய்யப்பட்டது’ என்ற முத்திரைக்குள் அடங்கிய எண்ணற்ற தனிமனிதர்களைப் பற்றிய கருத்தும் படைப்பிலேயே இருக்கிறது. ஆயினும் துகள் என்ற நிகழ்வை எளிதில் கடந்துவிட இயலாது. இலண்டன் பார்வையாளரின் நுரையீரலைக் காக்கச் சில நாட்களில் தடை வந்தது. பீங்கானோடும் அதன் துகளோடும் வாழ்நாள் முழுதும் புழங்கும் சிங்டெசென் தொழிலாளரைப் பற்றிய கேள்வி அத்தடையால் எழுந்திருக்க வேண்டும். படைப்பு அக்கேள்வியைத் தன்னை அறியாமலே எழுப்பியது. அதற்கு விடை தேட முனையவில்லை.

முதல் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் இங்கே விடை ஒன்றே: ஐ வெய்வெய். மண்ணைக் கொடுத்தவரும் பெயரைப் பெற்றவரும் ஒருவராக இருக்கையில், வனைந்த கை கூலி பெற்று விலகுகிறது. அக்கூலி ஊரின் வழக்கமான கூலியைவிட மிகுதி என்றே கொண்டாலும் இந்த அமைப்பு மாறுவதில்லை.

கைப்பிடி மண்: சூய் ஜியான்குவோ

பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் சிற்பம் கற்பித்த சூய் ஜியான்குவோ, மா சேதுங் அணிந்த மேற்சட்டையை ஆள் இல்லாத வெற்றுடையாகப் பேருருவில் வடித்த ‘மரபுரிமை’ வரிசையால் 1990களின் இறுதியில் அறியப்பட்டவர். பின்னர் அவர் எதிர்த்திசையில் சென்றார். கண்களைக் கட்டிக்கொண்டு களிமண்ணைப் பிசைந்து, அதன் வடிவத்தைப் பெரிதாக்கி வார்த்தார். ‘குருட்டு உருவப்படங்கள்’ எனும் அவ்வரிசையின் வெண்கலச் சிற்பங்கள் 2014இல் நியூயார்க்கின் மத்தியப் பூங்கா நுழைவிடத்தில் வைக்கப்பட்டன. அடுத்து, ஒரு பிடி களிமண்ணைக் கையால் அழுத்தி, அந்தச் சிறு உருவத்தை எண்ணிம முறையில் அளந்து, முப்பரிமாண அச்சுக் கருவியால் பல மடங்கு பெரிதாக்கும் முறைக்கு வந்தார். உள்ளங்கை ரேகைகள் அவ்வுருவங்களில் வாய்க்கால் வரப்புகளாகத் தெரிகின்றன.

பிடிமண் என்ற சொல்லை அறிந்தவர்க்கு இப்படைப்பின் முன் ஏற்படும் வியப்பு தனித்தன்மை உடையது. இரண்டிலும் ஒரு பிடி மண்ணே தொடக்கம். ஆனால் சூயின் பிடி, ஒரு கையின் தடத்தைப் பேருருவாக நிறுத்துகிறது. ஊரின் பிடி கை மாறியதும் தன் உருவை இழந்து பெருமண்ணில் கலக்கிறது. முன்னது கையைக் காட்டுகிறது. பின்னது கைகளை இணைக்கிறது.

சூயின் நேர்மை மறுக்க இயலாதது. வேறொருவர் கையைப் பயன்படுத்திவிட்டுத் தன் பெயரை இடும் சிக்கலிலிருந்து அவர் தம் கையையே முன்வைத்து வெளியேறினார். ஆனால் பெரிதாக்கும் வேலையை இப்போது கருவி செய்கிறது. கைவினைஞருக்கு உரிய பெயரைத் தருவதற்கு மாறாக, கைவினைஞரே தேவைப்படாத இடத்துக்கு அவரது தீர்வு வந்து சேர்கிறது.

வினாக்கள் நம்மை நோக்கித் திரும்பும்போது

இவ்வொப்பீட்டுக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, புரவி வழிபாட்டுப் பொருள்; மேற்கண்டவை கலைக்கூடப் படைப்புகள்; இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது. இரண்டின் பயனும் வேறு என்பது உண்மை. ஆனால் இங்கே ஒப்பிடப்பட்டவை பயன்கள் அல்ல; ஆக்க உறவுகள். கோயிற் சிலை மரபின் கைப்பழக்கம் குத்தகை வசூல் முற்றத்துக்குள் நுழைந்திருப்பதே, வழிபாட்டுக் கலைக்கும் சமகாலக் கலைக்கும் இடையிலான சுவர் நாம் எண்ணுமளவு தடிமனானதன்று எனக் காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. வேளாரின் பெயரின்மையை இலட்சியமாக்குவது சரியா? சரியன்று. வேளாரின் இடம் சடங்கில் அறிவிக்கப்படுகிறது. எனினும் அறிவிக்கப்படுவது சமூகத்தின் பெயரே அன்றித் தனி வனைஞரின் பெயரன்று. விழா நாளின் மரியாதை ஆண்டு முழுதுக்குமான வருவாயாகாது. சாதிக் கட்டமைப்பு வகுத்த கடமையை விரும்பி ஏற்ற தன்னடக்கமாகக் காட்டுவது ஆய்வு நேர்மையன்று. சீனக் கலைஞர்களிடம் கேட்ட அதே கேள்வியை இங்கும் கேட்டாக வேண்டும்.

இன்று அது மேலும் கூர்மையடைந்துள்ளது. பல கோயில்களில் மண்குதிரைகளின் இடத்தைச் சிமென்ட் குதிரைகள் பிடித்துவிட்டன. அவை உதிர்வதில்லை, ஆகவே மீண்டும் பிடிமண் கொடுக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. அவற்றின் பீடத்தில் ‘உபயம்’ என்ற சொல்லோடு நன்கொடையாளரின் பெயர் வண்ண எழுத்தில் பொறிக்கப்படுகிறது. செய்தவர் பெயர் காணப்படுவது அரிது. தெய்வத்தின் பெயர் நின்ற இடத்தில் பொருள் கொடுத்தவரின் பெயர் வந்து நிற்கிறது. வெனிசிலும் இலண்டனிலும் கண்ட அதே அமைப்பு நம் கண்மாய்க் கரைக்கும் வந்துவிட்டது. அதற்குச் சமகாலக் கலை என்ற பெயர் மட்டும் இல்லை.

கல்வித் துறைக்கும் இதில் பங்குண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலக் கலைஞர் கிராமமும், எஸ். தனபால் போன்ற சிற்பிகளும் தமிழக நவீனச் சிற்பத்துக்கு வழியமைத்தனர். அவ்வியக்கத்தைச் சிற்ப வரலாறாகப் படிக்கிறோம். புரவியையோ நாட்டார் வழக்காற்றியல் பாடத்தில் சடங்குப் பொருளாகப் படிக்கிறோம். இப்பகுப்பினால் வனைவோரின் வடிவத் தெரிவுகள் ஆராயப்படாமல் போகின்றன. ஒருவர் குதிரையின் கழுத்தை ஏன் அவ்வளவு நிமிர்த்துகிறார், மற்றொருவர் ஏன் தாழ்த்துகிறார் என்ற கேள்வி எந்தப் பாடத்திலும் இடம்பெறுவதில்லை. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயருக்குக் கிடைத்த காப்பு. வனைந்தவர் பெயரைப் பதிவு செய்யும் பணி ஆய்வாளருக்கு எஞ்சியிருக்கிறது.

முடிவுரை

சமகாலச் சீனச் சிற்பத்தைத் தமிழ்ப் பார்வையாளர் தம் மரபின் அளவுகோல் கொண்டே அணுக இயலும் என்பது இக்கட்டுரையால் பெறப்பட்டது. குத்தகை வசூல் முற்றம் தனிப்பெயரை அகற்றி அரசின் கதையை நிறுத்தியது. வெனிசு முற்றம் அக்கதையை உதிரவிட்டு ஒரு கலைஞரின் பெயரை எழுப்பியது. சூரியகாந்தி விதைகள் உழைத்தவர் கைகளைக் காட்டியது, பெயரைப் பகிரவில்லை. சூய் ஜியான்குவோ தம் கையையே நிறுத்தி, பிற கைகளைத் தேவையற்றவையாக்கினார். நான்கும் வலிமையான படைப்புகள். வனைந்த கைக்கும் நிற்கும் பெயருக்கும் இடையிலான இடைவெளியை நான்கில் ஒன்றும் மூடவில்லை.

புரவி மரபும் அதை மூடிவிடவில்லை. ஆனால் கொடுப்பவர், வனைபவர், உரியவர் என்ற மூன்று இடங்களையும் ஊரறிய வேறுபடுத்திக் காட்டும் சடங்கு அதனிடம் இருந்தது. அவ்வேறுபாட்டை ஆய்வு முறையாக மாற்றிக்கொள்வது நமக்கு இயலும். அதற்கான முதல் பணி எளியது. இப்பகுதியின் அய்யனார் கோயில்களில் எஞ்சியுள்ள ஒவ்வொரு மண்குதிரைக்கும் அதை வனைந்தவர் பெயர், மண்ணெடுத்த கண்மாய், புரவியெடுப்பு நடந்த ஆண்டு ஆகியவற்றை, நினைவுள்ள முதியோர் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். குதிரைகள் உதிர்வது மரபின் இயல்பு. பெயர்களும் அவற்றோடு உதிர வேண்டும் என்ற விதி மரபில் இல்லை.